குளிர் உலையில் விழுந்த மோதிரம்

காவிரிக் கரையில் சொக்கபூபதி என்றொரு ராஜா இருந்தார். எதையும் முதலில் நம்பிவிடுவார், யோசிப்பதெல்லாம் அப்புறம்தான். அன்று சனிக்கிழமை, மார்கழிக் குளிர் வேறு. ராஜா உச்சி முதல் உள்ளங்கால் வரை எண்ணெய் தேய்த்துக்கொண்டு, இடுப்பில் ஒரு துண்டோடு சிம்மாசனத்தில் உட்கார்ந்திருந்தார்.

எதிரே ஒரு பித்தளை அண்டா நிறையத் தண்ணீர். பக்கத்தில் பிங்கலர் என்ற ரசவாதி.

“மகாராஜா, இது குளிர் உலை. விடியற்காலையில் ஒரு பிடி தணல் காட்டினேன். இனி ஒரு மாதத்துக்கு விறகே வேண்டாம். வெளியே சில்லென்று இருக்கும், உள்ளே கொதிக்கும்!”

“ஆவியையே காணோமே?”

“இந்தச் சூட்டுக்கு ரோஷம் அதிகம். சந்தேகப்படுகிறவர் ஒருத்தர் இருந்தாலும் கோபித்துக்கொண்டு ஒளிந்துவிடும்.”

அவ்வளவுதான். சந்தேகக்காரன் என்று பெயர் வாங்க யாருக்கு ஆசை? கொதிப்பு அடியிலிருந்து மேலே போகிறதா, நடுவிலிருந்து பக்கவாட்டில் போகிறதா என்று இரண்டு பண்டிதர்கள் தொண்டை வறள வாதாடினார்கள். பத்தடி தள்ளி நின்ற மந்திரி, “அப்பப்பா, என்ன அனல்!” என்று விசிறிக்கொண்டார். குளிரில் அவர் பற்கள் கிடுகிடுத்தன. வாதம் முடிந்ததும் ராஜா நீராடுவது, உடனே அரண்மனை அடுப்புகளை எல்லாம் இடித்துவிடுவது என்று ஏற்பாடு.

மடைப்பள்ளித் தலைவி வேம்பாயி, சபைக் கவிராயர் சேந்தனாரிடம் ஓடிவந்தாள்.

“ஐயா, நாப்பது பேரு அந்த அடுப்பை நம்பித்தான் பொழைக்கிறோம். நீங்க ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?”

“நான் சந்தேகப்பட்டால் சூடு ஒளிந்துவிடுமே தாயி. நம்பித்தான் பார்க்கிறேன்.”

எண்ணெய் தேய்க்கும்போது ராஜா கழற்றிக் கொடுத்த முத்திரை மோதிரம் சேந்தனாரிடம்தான் இருந்தது. அவர் அண்டாவை மூன்று முறை வலம் வந்தார். பக்தியோடு குனிந்து கும்பிட்டார். ‘டொப்!’

“ஐயோ, முத்திரை மோதிரம்!” என்று துள்ளிய ராஜா, எண்ணெயில் வழுக்கிக் கீழே உட்கார்ந்தார். “எடுங்கள்! எடுப்பவர்தான் இனி என் மந்திரி!”

மந்திரி அண்டாவைப் பார்த்தார், தன் கையைப் பார்த்தார். பதவி போகிறது, ஆனால் அனல் என்று சொன்ன வாயோடு கையை எப்படி விடுவது? பண்டிதர்கள் கைகளைச் சால்வைக்குள் ஒளித்துக்கொண்டார்கள்.

பிங்கலர் மட்டும் யோசிக்கவேயில்லை. மந்திரிப் பதவியாயிற்றே! தோள் வரை கையை விட்டுத் துழாவி மோதிரத்தை எடுத்துவிட்டார். கையெல்லாம் புல்லரித்து நின்றது.

“என்ன பிங்கலரே, ஒரு கொப்புளம்கூட இல்லையே?” என்றார் ராஜா.

“ச... சபையில் எவனோ சந்தேகப்படுகிறான் மகாராஜா! சூடு ஒளிந்துவிட்டது!”

“நானும் அதைத்தான் சொல்ல வந்தேன்,” என்றார் சேந்தனார். “கொதிக்கிறது என்று நம்பிய ஒருத்தரும் கையை விடவில்லை. நம்பாத ஒரே ஒருத்தர்தான் தோள் வரை விட்டார். அவரை எல்லைக்கு அப்பால் கொண்டுபோய் விட்டுவிடுங்கள் மகாராஜா, சூடு தானாக வந்துவிடும்!”

ராஜா சிரித்த சிரிப்பில் இன்னொரு முறை வழுக்கினார். காவலர்கள் பிங்கலரை அழைத்துப் போனார்கள். வேம்பாயியின் அடுப்பு எரிந்தது. ராஜா ஆவி பறக்கக் குளித்தார். அதே அண்டா நிறைய வெண்பொங்கல் வைத்துச் சேந்தனாருக்குப் பரிசளித்தார்.

ஆசையோடு தூக்கப்போன சேந்தனார், “ஆ!” என்று கையை உதறினார். “பார்த்தீர்களா மகாராஜா? அவர் எல்லையைத் தாண்டிவிட்டார்!”