ஹிர்ஷன்வெல்ட் நாட்டின் தேசப்படம்

ஜெர்மனியில் ஹிர்ஷன்வெல்ட் பிரபுவின் குடும்பத்துக்குப் பரம்பரையாக இருந்தது மூன்றே கிராமங்கள். ஆனாலும் தேசப்படத்தில் தன் நாடு பக்கத்து நாட்டைவிடப் பெரிதாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் குடும்பத்தோடு ஊரைவிட்டுத் துரத்திவிடுவேன் என்று படம் வரையும் வால்புர்காவை மிரட்டினார். அவள் இரண்டு நாள் யோசித்து, கேட்டபடியே வரைந்து கொண்டுபோனாள். பிரபுவுக்கு வாயெல்லாம் பல்.

"கையெழுத்துப் போடுங்கள், எஜமான். நிலத்தின் அளவைப் பார்த்துத்தான் சக்கரவர்த்தி போருக்கு ஆள் கேட்கிறார். இந்தப் படத்துக்கு முந்நூறு பேர் அனுப்பவேண்டி வரும். நம்மிடம் இருப்பது நாற்பது ஆண்கள், தங்களையும் சேர்த்து."

பிரபு பேனாவைக் கீழே வைத்தார்.

"கொஞ்சம் சின்னதாக வரைய முடியுமா?"

"எவ்வளவு சின்னதாக, எஜமான்?"

"கண்ணுக்கே தெரியக் கூடாது!"

அந்த வருஷம் சக்கரவர்த்தியின் ஆட்கள் ஹிர்ஷன்வெல்ட்டில் நிற்காமலே போய்விட்டார்கள். வால்புர்காவின் கணவன் வயலில் கோதுமை அறுத்துக்கொண்டிருந்தான்.