பீச் கொட்டையின் மேல் ஒரு தாயின் கைரேகை

மரமும் மிருகமும் மனிதரோடு வாய்விட்டுப் பேசிய அந்தக் காலத்தில், சீன தேசத்து மலையடிவாரம் ஒன்றில் சூலான் என்றொரு தாய் இருந்தாள். அப்போதெல்லாம் பீச் பழத்துக்குள் கெட்டியான ஓடு கிடையாது. சதைக்கு நடுவே பருப்பு வெறுமனே கிடக்கும். பழத்தைக் கடித்தால் பருப்பும் சேர்ந்து வயிற்றுக்குள் போய்விடும்.

மூன்று வருஷமாக மழையில்லை. பீச் மரங்கள் ஒவ்வொன்றாகப் பட்டுப்போயின. கடைசி மரம், "சூலான், இதுதான் என்னிடம் மிச்சம்" என்று ஒரே ஒரு பழத்தை அவள் மடியில் போட்டுவிட்டுக் காய்ந்துபோனது.

வீட்டில் மெய் என்ற அவள் மகள் பசியில் சுருண்டு கிடந்தாள். வாசலில் ஒரு பெண் குரங்கு, வயிற்றோடு ஒட்டிய குட்டியுடன் நின்றது. "எனக்கு வேண்டாம் அக்கா, இதற்கு மட்டும்" என்றது. சூலான் சதையை இரண்டாகப் பிட்டாள். பாதி மெய்க்கு, பாதி குட்டிக்கு.

"பருப்பு, அம்மா?" என்றாள் மெய், விரலை நக்கிக்கொண்டே.

கூரைமேல் நின்ற நாரை தொண்டையைச் செருமியது. அதற்குத் தெரியாத விஷயமே இல்லை என்று நாடெங்கும் பேர். "அதைத் தின்றால் பீச் என்ற இனமே இத்தோடு முடிந்தது. மழை வரும்வரை அது வாடக்கூடாது. பானையில் வைத்தால் வறண்டுவிடும். மண்ணில் வைத்தால் எலி விடாது. உயிருள்ள உடம்பின் சூடு வேண்டும்."

"அப்படியானால் உங்கள் சிறகுக்குள் வைத்துக்கொள்ளுங்களேன், ஐயா."

"நானா? தெரிந்ததைச் சொன்னேனே, போதாதா?" என்று நாரை தண்ணீர் இருக்கும் திசையில் பறந்துவிட்டது.

சூலான் வானத்தைப் பார்த்துக் கும்பிட்டாள். பருப்பை வலது உள்ளங்கையில் வைத்து மூடினாள். மூடினது மூடினதுதான். ஒற்றைக் கையால் விறகு ஒடித்தாள், கிழங்கு தோண்டினாள். விடிந்ததும் புல்லின் பனியில் அந்தக் கையை நனைத்துக்கொள்வாள்.

"என்னடி, கைக்குள்ளே மாணிக்கமா?" என்று பக்கத்து வீட்டு ஃபாங் சீண்டினாள்.

"மாணிக்கமாக இருந்தால் எப்போதோ விற்றுத் தின்றிருப்பேனே!"

ஒருநாள் பசி தாங்காமல் மெய் அந்த விரல்களைப் பிரிக்கப் பார்த்தாள். "இன்றைக்கு மட்டும், அம்மா." சூலான் இடது கையால் மகளை அணைத்துக்கொண்டு அழுதாள். வலது கை மட்டும் திறக்கவில்லை.

ஒருவழியாக மழை வந்தது. மழையோடு நாரையும் வந்தது. சூலானின் விரல்களோ மரத்துப்போய் விரிய மறுத்தன. நாரை தன் நீண்ட அலகால் ஒவ்வொரு விரலாக, வலிக்காமல் விலக்கியது. உள்ளங்கைத் தோல் காய்த்து, ரேகையோடு உரிந்து, பருப்பைச் சுற்றி ஓடாக இறுகியிருந்தது. ஓட்டின் நுனியில் வெள்ளையாக ஒரு முளை.

ஊரே கூடிவிட்டது. "எல்லாம் தெரிந்தவரே, இந்த ஓட்டுக்குள் இருப்பதற்கு என்ன பேர்?" என்று கேட்டாள் ஃபாங்.

நாரை முதல் தடவையாகக் கழுத்தைத் தாழ்த்தியது. "என்னிடம் இருப்பது அறிவு. அதை 'ஜி' என்கிறோம். எது பிழைக்க வைக்கும் என்று அதற்குத் தெரியும். ஆனால் பிழைக்க வைத்தது அது இல்லை, சூலான். உன் கைக்குள் இருந்தது அன்பு. அதை 'ரென்' என்கிறோம். இந்தப் பருப்புக்கும் அதே பேர் இருக்கட்டும்."

மெய் அந்தக் கொட்டையை வீடுவீடாகக் கொண்டுபோய், "பாருங்கள், இது என் அம்மாவின் கை!" என்று காட்டிவிட்டுத்தான் நட்டாள்.

அன்று பிடித்துத்தான் பீச் கொட்டையின் மேல் உள்ளங்கை போலக் கோடுகள் ஓடுகின்றன. சீனத்தாரும் உள்ளிருக்கும் பருப்பையும் மனிதருக்குள் இருக்கும் அன்பையும் 'ரென்' என்று ஒரே பேர் சொல்லி அழைக்கிறார்கள்.