சிலம்பாயி மூச்சு வாங்கிய இடம்

கேளுங்கள், கேளுங்கள்! பின்னால் இருப்பவர்கள் நெருங்கி உட்காருங்கள். இது தேர் ஓடிய கதை. மெதுவாகச் சொல்ல எனக்கு வராது.

உங்கள் பாட்டனுக்குப் பாட்டன் பிறப்பதற்கும் முன்னால், ஆலம்பொழில் என்று ஓர் ஊர் இருந்தது. அந்த ஊருக்கு ஒரு ராஜா. அந்த ராஜாவை விட அந்த ஊர்த் தேருக்குத்தான் பெயர் அதிகம். அம்மாடி, அது என்ன தேர்! ஆள் உயரச் சக்கரம். பனை உயரக் கோபுரம். இழுப்பதற்கு முந்நூறு பேர் வேண்டும்.

முந்நூறு பேரும் ஒரே நேரத்தில் இழுத்தால்தானே தேர் நகரும்? அதற்காகவே தேர்த்தட்டில் ஒருத்தி நின்று பாடுவாள். அவள் பெயர் சிலம்பாயி. அவள் அப்பன் நின்று பாடிய இடம் அது. அவருக்கு வேறு பிள்ளை இல்லை, அதனால் இவளுக்கு வந்தது.

கீழே சக்கரத்தடியில் அவள் புருஷன் சன்னாசி. பெயர்தான் சன்னாசி, பெண்டாட்டி என்றால் உயிர்! அவன் கையில் முட்டுக்கட்டை. ஓடுகிற தேரை நிறுத்த, சக்கரத்துக்கு முன்னால் செருகுகிற கட்டை அது. ஒரு நொடி பிசகினால் கட்டை இருக்க வேண்டிய இடத்தில் கால் இருக்கும்.

பிசகாமல் எப்படிச் செருகுவான்? அதைச் சொன்னால்தான் கதை புரியும், கவனியுங்கள். சிலம்பாயி ஓர் அடி பாடுவாள், தேர் உருளும். அடி முடிந்ததும் ஒரு மூச்சு வாங்குவாள். அந்த மூச்சில் சன்னாசி கட்டையைச் செருகுவான். தேர் நிற்கும், ஊர் வடத்தில் பிடியை மாற்றிக்கொள்ளும். அப்புறம் அவள் "ஹோய்!" என்பாள். கட்டை வெளியே வரும். முந்நூறு பேரும் இழுப்பார்கள்.

நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அப்பன் காலத்திலும் அதே பாட்டு, அவள் காலத்திலும் அதே பாட்டு. அதே ராகம், அதே வார்த்தை. கேட்டுக் கேட்டு ஊருக்குச் சலித்துவிட்டது. கை வடத்தில் இருக்கும், கண் பொரிகடலைக் கடையில் இருக்கும். மூச்சு வாங்க வேண்டிய இடத்தில் முந்நூறு கொட்டாவி வரும். ஒரு வருஷம் தேர் நிலைக்கு வந்துசேர மூன்று நாள் ஆனது. மூன்று நாள்! எறும்பு கூட ஊரைச் சுற்றி வந்திருக்கும்.

ராஜாவுக்குக் கோபம் தலைக்கேறியது.

"அடுத்த வருஷம் பொழுது சாய்வதற்குள் தேர் நிலைக்கு வர வேண்டும். வராவிட்டால் நீ தேர்த்தட்டை விட்டு இறங்கிவிடு. அரண்மனைப் பாடகர் ஏறட்டும்" என்றார்.

சிலம்பாயி விட்டுக்கொடுப்பாளா? அப்பன் நின்ற இடம் ஆயிற்றே! வீட்டுக்கு வந்ததும் வராததுமாகச் சொன்னாள்.

"மாமா, நம்ம பாட்டுல உப்பு போயிடுச்சு. நான் வெளியூர் போய்க் கேட்டுட்டு வரேன்."

"போயிட்டு வா புள்ளே. வெறுங்கையோட மட்டும் வந்துடாதே" என்றான் சன்னாசி.

போனாள். மலைக்குப் போனாள். அங்கே தேன் எடுப்பவர்கள் பாறை உச்சியில் தொங்கிக்கொண்டு பாடுவதைக் கேட்டாள். துறைமுகத்துக்குப் போனாள். அங்கே கப்பலில் வந்த குதிரை வியாபாரிகள் கைதட்டிக்கொண்டு பாடுவதைக் கேட்டாள். கடற்கரைக்குப் போனாள். அங்கே வலை இழுப்பவர்கள் "ஏலோ, ஏலோ" என்று பாடுவதைக் கேட்டாள். மூன்றையும் ஓர் எழுத்து விடாமல் மனப்பாடம் செய்துகொண்டு ஊர் திரும்பினாள்.

தேர் நாள் வந்தது! மேளம் கொட்டியாயிற்று, வெடி போட்டாயிற்று. நிலைக்கு எதிரே ராஜா நாற்காலி போட்டு உட்கார்ந்தார். பக்கத்தில் அரண்மனைப் பாடகர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு தயாராக இருந்தார்.

கிழக்கு வீதி. சிலம்பாயி மலைப்பாட்டை எடுத்தாள். ஆகா, என்ன குரல்! மலையிலிருந்து தேனே ஒழுகி வந்த மாதிரி இருந்தது. ஊரே வாயைப் பிளந்து கேட்டது. கேட்டதே தவிர, இழுத்ததா? வடத்தைக் கீழே போட்டுவிட்டுக் கண்ணை மூடித் தலையாட்டியது. "ஐயோ, இழுங்கப்பா!" என்று அவள் கத்திக் கத்தித்தான் தேர் கிழக்கு வீதியைக் கடந்தது.

தெற்கு வீதி. குதிரை வியாபாரிகளின் பாட்டை எடுத்தாள். டப டப டப என்று கைதட்டு. கால் சும்மா இருக்குமா? முந்நூறு பேரும் ஆடினார்கள். வலப்பக்கத்தார் வலப்பக்கம் இழுத்தார்கள், இடப்பக்கத்தார் இடப்பக்கம் இழுத்தார்கள். தேர் கோணிக்கொண்டு போய்த் தண்ணீர்ப் பந்தலில் இடித்தது. மோர்ப்பானைகள் எல்லாம் போயின.

மேற்கு வீதி. அது இறக்கமான வீதி. வலைப்பாட்டை எடுத்தாள். அப்பப்பா, இதல்லவா இழுக்கிற பாட்டு! ஊர் ஒரே ஆளாக இழுத்தது. தேர் குடுகுடுவென்று ஓடியது. "ஆகா, ஓடுது, ஓடுது!" என்று மாடியில் நின்றவர்கள் கூவினார்கள்.

ஆனால் வலை இழுப்பவர்கள் நடுவில் நிறுத்த மாட்டார்கள். நிறுத்தினால் மீன் தப்பிவிடும். ஒருவர் முடிக்கும் முன்பே அடுத்தவர் பிடித்துக்கொள்வார். அந்தப் பாட்டில் மூச்சுக்கே இடமில்லை! சிலம்பாயியும் அப்படியே நிறுத்தாமல் பாடினாள். கீழே சன்னாசி கட்டையை நீட்டினான், இழுத்துக்கொண்டான். நீட்டினான், இழுத்துக்கொண்டான். எங்கே செருகுவது?

தேர் இறக்கத்தில் பறந்தது. இனிப் பார்த்துக்கொண்டிருந்தால் சந்தியில் நிற்கும் ஜனத்தின் மேல் ஏறிவிடும். சன்னாசி கண்ணை மூடிக்கொண்டு கட்டையைப் போட்டான்.

படார்!

கட்டை இரண்டாகப் பிளந்தது. தேர் ஆடி, குலுங்கி, வீதி முக்கில் இருந்த சேற்றில் இறங்கி நின்றது. சன்னாசியின் காலுக்கும் சக்கரத்துக்கும் நடுவில் இரண்டு விரல்கடைதான் இருந்தது.

சிலம்பாயி தேர்த்தட்டிலிருந்து குதித்து ஓடி வந்தாள். அவன் காலைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். ஓவென்று அழுதாள்.

"பாவி நான்! கண்ட பாட்டையும் தூக்கிட்டு வந்து உன்னைக் கொல்லப் பாத்தேனே மாமா! இனிமே அப்பன் பாட்டைத் தவிர ஒண்ணும் பாட மாட்டேன்."

ஏறினாள், அப்பன் பாட்டைப் பாடினாள். தேர் சேற்றில் கிடந்தது. மறுபடி பாடினாள். ஊர் வடத்தைப் பிடித்துக்கொண்டு நின்றது. மூன்றாம் முறை பாடினாள். முந்நூறு பேரும் கொட்டாவி விட்டார்கள். நிழல் தேர்க் கோபுரத்தில் பாதி ஏறியிருந்தது. அங்கே ராஜா நாற்காலியை விட்டு எழுந்தார். அரண்மனைப் பாடகர் அங்கவஸ்திரத்தைச் சரிசெய்துகொண்டார்.

சிலம்பாயி கீழே எட்டிப் பார்த்தாள்.

"நான் இறங்கிடறேன் மாமா."

புதுக் கட்டையை இடுக்கிக்கொண்டு நின்ற சன்னாசிக்கு வந்ததே கோபம்!

"அடியே, எதுக்கு இறங்கணும்? அந்தக் கடற்கரைப் பாட்டு நல்லாத்தான் இருந்துச்சு! எனக்கே உடம்பு சிலிர்த்துச்சு. நீ எந்த ஊர்ப் பாட்டு வேணாலும் பாடு. ஆனா நீ மூச்சு வாங்குற இடம் எனக்குத் தெரியணும். அங்கேதான் என் கால் இருக்கு!"

சிலம்பாயி அப்படியே நின்றாள். மூச்சு வாங்குற இடம்! மலைக்காரர்களின் மூச்சு மலைக்கு. கடற்காரர்களின் மூச்சு வலைக்கு. அவர்கள் பாட்டை எடுத்து வந்தவள், அவர்கள் மூச்சையும் சேர்த்தல்லவா வாங்கி வந்துவிட்டாள்! தன் மூச்சை எங்கே விட்டாள்?

சட்டென்று நிமிர்ந்தாள். வலைப்பாட்டின் ராகத்தைப் பிடித்தாள். ஆனால் வார்த்தை? கடலும் மீனும் இந்த ஊரில் ஏது? கண்ணில் பட்டவர்களை எல்லாம் பாட்டில் இழுத்துப் போட்டாள்.

"பொரிகடலை தின்ன கையி
வடம் பிடிக்கக் கூசுதோ!"

அடி முடிந்தது. நிறுத்தினாள். ஒரு மூச்சு, அப்பன் வாங்கிய அதே இடத்தில், அதே அளவு. ஊரே அவளோடு சேர்ந்து மூச்சை இழுத்தது. ஒரு கொட்டாவி கூட இல்லை!

"ஹோய்!"

தேர் அசைந்தது! கூட்டத்தில் ஒரே சிரிப்பு. வாயில் பொரியோடு நின்றவர்கள் துப்பிவிட்டு வடத்தைப் பிடித்தார்கள்.

"மாடியில நிக்கிற மாப்பிள்ளை
மஞ்சத்தண்ணி வேணுமோ!"

மூச்சு. கட்டை சரியாகச் செருகிக்கொண்டது. "ஹோய்!" கட்டை வெளியே வந்தது. மாடியில் நின்ற மாப்பிள்ளைமார் எல்லாம் வெட்கப்பட்டு இறங்கி ஓடி வந்தார்கள். தேர் சேற்றைப் பிய்த்துக்கொண்டு மேலே ஏறியது! வடக்கு வீதியில் அவள் குதிரைக்காரர்களின் கைதட்டையும் கொஞ்சம் சேர்த்துக்கொண்டாள். மலைப்பாட்டின் இழுப்பையும் ஓரிடத்தில் வைத்தாள். எது வந்தாலும் மூச்சு மட்டும் வர வேண்டிய இடத்தில் வந்தது. சன்னாசி கீழே துள்ளித் துள்ளிக் கட்டை போட்டான்.

கோபுரக் கலசத்தில் வெயில் இருக்கும்போதே தேர் நிலைக்கு வந்தது! ஊர் போட்ட கூச்சலில் ராஜா தம் நாற்காலி எங்கே என்று தெரியாமல் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். அரண்மனைப் பாடகர் என்ன ஆனார் என்கிறீர்களா? அவரும் வடம் பிடித்துத்தான் நின்றார், பாவம், கை சிவந்துபோய்.

இருங்கள், எழுந்துவிடாதீர்கள். இன்னும் கொஞ்சம் இருக்கிறது.

மறு வருஷம் தேர் பார்க்கக் கடற்கரையிலிருந்து வலைக்காரர்கள் வந்தார்கள். சிலம்பாயி பாட்டை எடுத்ததும் அவர்கள் தலைவர் துள்ளிக் குதித்தார்.

"டேய், நம்ம பாட்டுடா இது! நம்மகிட்டேருந்து தூக்கிட்டு வந்துட்டாடா!"

தாமே கூடச் சேர்ந்து உரக்கப் பாடினார். அடி முடிந்தது. சிலம்பாயி மூச்சு வாங்கினாள். முந்நூறு பேரும் மூச்சு வாங்கினார்கள். ஊரே அமைதியானது. தலைவர் மட்டும் நிறுத்தாமல், "ஏலோ ஏலோ" என்று தனியே போய்க்கொண்டிருந்தார்!

ஊர் கொல்லென்று சிரித்தது. தலைவர் நாக்கைக் கடித்துக்கொண்டார். அடுத்த அடியில் ஊரோடு சேர்ந்து நின்றார், ஊரோடு சேர்ந்து மூச்சு வாங்கினார், "ஹோய்!" என்றதும் வடத்தைப் பிடித்தார்.

தேர் நிலைக்கு வந்ததும் சிலம்பாயியிடம் வந்தார்.

"பாட்டு எங்களுதுதான் தாயி. ஆனா அதுக்குள்ள எனக்கே வழி தெரியலையே! அந்த மூச்சை நான் எங்க கரைக்கு எடுத்துட்டுப் போகட்டுமா?"

"தாராளமா எடுத்துட்டுப் போங்கண்ணே. ஆனா எங்க தேர் நிக்கிற இடத்துல வைக்காதீங்க. உங்க அலை கரைக்குத் திரும்புற இடத்துல வையுங்க. அப்ப அலையே வலையைத் தள்ளிக் குடுக்கும், மீனும் தப்பாது" என்றாள் சிலம்பாயி.

சன்னாசி தன் காலைப் பார்த்துக்கொண்டே பெரிதாகச் சிரித்தான்.

இதைக் கேட்டவர்களே, பாடுகிறவர்களே, இனிப் பாடப் போகிறவர்களே: எந்த ஊர்ப் பாட்டையும் காது கொடுத்துக் கேளுங்கள், கற்றுக்கொள்ளுங்கள், ஆனால் பாடும்போது உங்கள் சொந்த மூச்சில் பாடுங்கள்.