ஊருணியில் பாடியவர்

சேந்தன் நாடறிந்த பாடகர். பூமி சூடாகிக்கொண்டே போவதைப் பற்றி மூன்று பாட்டுகள் கட்டி, மதுரையில் ஒரு திடலில் பாடினார். நாற்பதாயிரம் பேர் வந்தார்கள். கடைசிப் பாட்டு முடிந்ததும் அத்தனை பேரும் கையை உயர்த்தி, வாரத்தில் ஒரு நாள் வண்டியைத் தொடமாட்டோம் என்று உறுதி சொன்னார்கள். சேந்தன் மேடையிலேயே அழுதுவிட்டார்.

பத்து நாள் கழித்து, பெட்ரோல் பங்கில் ஒரு பெண் அவரை அடையாளம் கண்டு ஓடிவந்தாள்.

"உங்க பாட்டு என்னை அப்படியே மாத்திடுச்சு சார்."

"என்னம்மா மாத்தினீங்க?"

அவள் சற்று யோசித்தாள். பிறகு செல்போனை எடுத்துக் காட்டினாள்.

"இப்ப இதுதான் சார் என் ரிங்டோன்."

இன்னும் எட்டு ஊர்களில் நிகழ்ச்சிக்குத் தேதி குறித்தாகிவிட்டது. சேந்தனுக்கோ வீட்டில் சுருதிப்பெட்டி முன் உட்கார்ந்தால் குரல் எழவில்லை. ஒரு வாரம் பார்த்தார். பிறகு சிவகங்கைப் பக்கம் ஒரு மடத்தில் இருந்த தன் ஞானகுருவைத் தேடிப் போனார்.

குரு உமையாள் அம்மை அவரைவிடப் பதினைந்து வயது இளையவர். மடத்தில் அவர் இல்லை. ஊர்க் குளமான ஊருணியைத் தூர்வாரப் போயிருப்பதாகச் சொன்னார்கள்.

மூன்று வருடமாக நிறையாத ஊருணி அது. நாற்பது பேர் வரிசையாக நின்று, வண்டலைக் கூடை கூடையாகக் கைமாற்றிக் கரையேற்றிக்கொண்டிருந்தார்கள். வரிசையின் நடுவில் அம்மை நின்றார். சேந்தன் கரையிலிருந்தபடியே நடந்ததைச் சொன்னார்.

"பாட்டால ஜனங்களை மாத்த முடியுமாம்மா?"

"பாடுங்க," என்றார் அம்மை.

"இங்கயா?"

"இங்கதான்."

சேந்தன் கண்ணை மூடிப் பாடினார். குரல் வந்தது. கூடைகள் ஒவ்வொன்றாகத் தரையில் இறங்கின. ஒருவர் தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார். ஒருத்தி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். பாட்டு முடிந்ததும் பலத்த கைதட்டல்.

"இன்னொண்ணு பாடுங்கய்யா!"

சேந்தன் கண்ணைத் திறந்தார். ஒருவர் கையிலும் கூடை இல்லை. அம்மை மட்டும் தன் கூடையை நீட்டியபடி நின்றார். வாங்க ஆளில்லை.

சேந்தனின் முகம் வாடியது.

"அப்ப, நான் பாடவே கூடாதாம்மா?"

"கனக்குது. முதல்ல இதைப் பிடிங்க."

சேந்தன் செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினார். கணுக்கால் வரை சேறு. கூடையை வாங்கி, அடுத்து நின்ற கருப்பாயி என்ற பெண்ணிடம் கொடுத்தார். அவள் கூச்சத்தோடு வாங்கிக்கொண்டாள். வரிசை மறுபடி நகர்ந்தது.

இருபது கூடைக்குள் அவருக்கு மூச்சு வாங்கியது. கருப்பாயி வேலையோடு வேலையாக ஏதோ பாடத் தொடங்கினாள். சுருதி சேரவில்லை. ஆளுக்கு ஓர் அடி எடுத்துக் கொடுத்தார்கள். சேந்தனும் சேர்ந்துகொண்டார். யாரும் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை.

உச்சிவெயிலில் வேலை நின்றது. சேந்தன் கரையில் உட்கார்ந்து உள்ளங்கையைப் பார்த்தார். தோல் உரிந்திருந்தது.

"எட்டு ஊர் இருக்கும்மா. என்ன செய்யட்டும்?"

"போய்ப் பாடுங்க."

"மாறுவாங்களா?"

அம்மை முகத்திலிருந்த சேற்றை வழித்துப் போட்டார்.

"பாட்டு முடிஞ்சதும் கிளம்பிடாம, மறுநாள் காலையில அந்த ஊர் வேலையில ஒரு கை கொடுத்துப் பாருங்க."