பிழைக்கு மூடி போட்ட கிருபாகரன்

நாலு மணிக்குள் தவமணிக்கு ஓர் எண் வேண்டும். இருபத்தொரு பள்ளிகளுக்குக் காலைச் சாப்பாடு அனுப்புகிற சமையற்கூடம் அது. மொத்தம் எத்தனை பிள்ளைகள் என்று தவமணி கம்ப்யூட்டரைப் பார்த்துச் சொன்னால்தான், தலைமைச் சமையல்காரி சவரியம்மாள் நாளைய இட்லிக்கு அரிசி ஊறப்போடுவாள். எண் குறைந்தால் ஏதோ ஒரு பள்ளியில் தட்டு காலி.

மணி மூன்றரை. மொத்தம் வரவேண்டிய கட்டத்தில் #N/A என்று நின்றது. தேடச் சொன்னது கிடைக்கவில்லை என்று எக்செல் கைவிரிக்கிற விதம் அது. ஒரே ஒரு பள்ளிக்குத்தான் அப்படி. ஆனால் கூட்டுத்தொகையும் சேர்ந்து கைவிரித்துவிட்டது.

பிரிண்டருக்கு மை ஊற்ற வந்திருந்த கிருபாகரன் எட்டிப் பார்த்தார். அவர் எட்டிப் பார்த்த வேலை எதுவும் சீக்கிரம் முடிந்ததில்லை என்பது தவமணிக்குத் தெரியும்.

"இதுக்கா முழிக்கிறீங்க மேடம்? நான் தெருவுல நடந்து போனாலே போதும். எந்த வீட்டு எக்செல்ல எத்தனையாவது வரிசையில தப்புன்னு காதுல விழுந்துரும்."

"உள்ள வந்து அரை மணி நேரம் ஆச்சே, விழலையா?" வாசலில் நின்ற சவரியம்மாள் கேட்டாள். கையில் அரிசி அளக்கும் படி.

"கிரைண்டர் ஓடுதுல்லக்கா." கிருபாகரன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். "ஒரு நூல் மில்லுல இந்தக் கட்டம் அந்தக் கட்டத்தைக் கேட்டுச் சொல்றேங்குது. அந்தக் கட்டம் இதைக் கேட்டுச் சொல்றேங்குது. மாறி மாறிக் கேட்டு ஒரே சுத்து. முதல்ல மேசை சுத்துச்சு. அப்புறம் ரூம். மத்தியானத்துக்குள்ள மில்லே சுத்த ஆரம்பிச்சிருச்சு. சாப்பிடப் போன ஆளுங்க, கேட் சுத்தி வந்து அவங்க பக்கம் திரும்பும்போது தாவித் தாவி ஏறினாங்க."

"டிக்கெட் எவ்வளவு?"

"கேலி பண்ணாதீங்கக்கா. எதிர்ப்பக்கமா ஒரு ஃபார்முலா போட்டு நான்தான் நிறுத்தினேன். கொஞ்சம் தள்ளி நின்னுருச்சு. இன்னிக்கும் அந்த மில்லுக்கு மட்டும் சூரியன் மேற்கேதான் உதிக்குது."

இரண்டு கட்டங்கள் ஒன்றையொன்று கேட்டுக்கொள்ளும் சிக்கல் உண்மையிலேயே உண்டு. தவமணிக்கே இரண்டு தடவை வந்திருக்கிறது. கம்ப்யூட்டர் ஓர் எச்சரிக்கை காட்டும். மேசை அசையாது.

"அதாவது பரவாயில்லை. எண்ணுக்கு இடம் பத்தலைன்னா ##### னு வரும்ல? ஒருத்தன் கட்டத்தை அகலமா இழுத்தான். பத்தலை. இன்னும் இழுத்தான். சுவரை உடைச்சிக்கிட்டு ரோட்டைத் தாண்டிருச்சு. கடைசி இலக்கம் பக்கத்து ஊர்ல தெரியுதுன்னு போன் வந்து, நான் பைக்குல போய்ப் படிச்சிட்டு வந்தேன்."

"என்ன இலக்கம்?"

"ஏழு மாதிரி இருந்துச்சு. ஒரே புழுதி."

"மணி மூணே முக்கால், கிருபாகரன்" என்றாள் தவமணி.

"வந்துட்டேன் மேடம். கடைசியா ஒண்ணு. ஒரு ஆபீஸ்ல பூஜ்யத்தால வகுத்துட்டாங்க. கட்டத்துல ஓட்டை விழுந்து பேனா, ஃபைல், நாற்காலி எல்லாத்தையும் உள்ள இழுக்குது. மேனேஜர் இடுப்பு வரைக்கும் போயிட்டார். பெல்ட்டைப் பிடிச்சு அவரை வெளிய போட்டுட்டு, ஓட்டை மேல, தப்பு வந்தா பூஜ்யம்னு காட்டுற இஃப்எரர்னு ஒரு மூடியை அமுக்கினேன். அவர் செருப்பு மட்டும் இன்னும் பூஜ்யத்துக்குள்ள கிடக்கு. அதே மூடிதான் இப்ப இங்கயும். தள்ளுங்க."

தட்டினார். #N/A இருந்த இடத்தில் 0 வந்தது. மொத்தத்தில் 1348 வந்தது.

"தப்பு எங்கேயாவது தெரியுதா? தேடிப் பாருங்க. டீ சொல்லுங்க."

"ஆயிரத்து முந்நூத்தி நாப்பத்தெட்டு" என்று சொல்லிக்கொண்டே சவரியம்மாள் கிளம்பினாள்.

"நில்லுங்கக்கா." தவமணி அந்தப் பூஜ்யத்துக்கு நேரே இருந்த பெயரைப் பார்த்தாள். மேட்டுக்களம் பள்ளி. நாளைக்குத்தான் அங்கே முதல் சாப்பாடு. நேற்று அவளே பிள்ளைகள் கணக்குப் பட்டியலின் கடைசியில், இருபத்தொன்றாவது வரிசையில் சேர்த்த பெயர். ஃபார்முலாவோ இருபதாவது வரிசையோடு தேடுவதை நிறுத்திக்கொள்கிறது. கிருபாகரனின் மூடியைத் தூக்கி எறிந்துவிட்டு, இருபதை இருபத்தொன்றாக மாற்றினாள்.

மேட்டுக்களம், 64. மொத்தம், 1412.

"நீங்க போட்ட மூடிக்கு அடியில தப்பு அப்படியே இருந்துச்சு. அறுபத்து நாலு பிள்ளைங்கதான் காணாமப் போனாங்க" என்றாள் தவமணி.

கிருபாகரன் அசரவில்லை. "பார்த்தீங்களாக்கா, கை வெச்ச அஞ்சே நிமிஷத்துல இல்லாத ஊர்லேர்ந்து அறுபத்து நாலு பிள்ளைங்களை வரவழைச்சிட்டேன்."

சவரியம்மாள் படியை இடுப்பில் வைத்துக்கொண்டு அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"வரவழைச்சது நீங்கதானே தம்பி. ஆளுக்கு மூணு, நூத்தித் தொண்ணூத்தி ரெண்டு இட்லி. காலையில நாலு மணிக்கு வந்து ஊத்திட்டுப் போங்க."