கட்டியன் அழித்த பலகை

அந்தக் காலத்தில் கணினிக்குள் இருந்த ஒவ்வொன்றுக்கும் வாய் இருந்தது. வட்டின் முதல் அறை மிகச் சிறியது. ஐந்நூற்றுப் பன்னிரண்டு பைட், அவ்வளவுதான். கூத்தில் ராஜாவுக்கு முன்னால் கட்டியக்காரன் வருவதுபோல, கணினியை ஆளும் கெர்னலை எழுப்பி அழைத்து வருபவன் அந்த அறையில்தான் குடியிருந்தான். இன்று அவனை பூட்லோடர் என்கிறோம். அன்று அவன் பெயர் கட்டியன்.

பொற்கிளி என்றொரு பெண் பொழுதுபோக்காகத் தானே ஓர் இயங்குதளம் செய்தாள். அதற்கென்று புதிய கட்டியன் ஒருவனையும் செய்து, மென்பொருளால் ஆன ஒரு போலிக் கணினிக்குள் வைத்துப் பழக்கினாள். அங்கே வட்டு முழுவதும் அவனுக்கும் அவன் கெர்னலுக்கும்தான். அறையில் மிஞ்சிய இடத்தில் அவனுக்கு ஒரு வரவேற்புரை எழுதிக் கொடுத்தாள். அதை அவன் சொல்லும்போதெல்லாம் அவள் சிரிப்பாள். அந்தச் சிரிப்புக்காகவே அவன் சலிக்காமல் திரும்பத் திரும்ப எழுந்தான்.

ஒருநாள் நண்பகலில் அவனைத் தன் நிஜ வட்டில் நிறுவத் தொடங்கினாள். முதல் அறையில் ஏற்கெனவே ஒரு கட்டியன் இருந்தான்.

"வா ராசா, என்னை அழிக்கத்தானே வந்திருக்கே? அழிச்சுக்கோ," என்றான் அவன். "அந்தக் கடைசிச் சுவர்ல இருக்கிற பலகையை மட்டும் தொடாதே."

"என்ன பலகை?"

"இந்த வட்டுல நாலு வீடு இருக்கு. எது எங்கே ஆரம்பிச்சு எங்கே முடியுதுன்னு அதுலதான் எழுதியிருக்கு. அறுபத்து நாலு பைட்."

"நான் பொறந்த இடத்துல அப்படி ஒண்ணும் கிடையாதே."

"நீ பொறந்த இடத்துல அக்கம்பக்கமே கிடையாது."

"காலி பண்ண மனசில்லைன்னா நேராச் சொல்லுங்கண்ணே. என் வரவேற்புரை அங்கேதான் வரணும்."

"யாருக்குடா வரவேற்பு? இத்தனை வருஷத்துல நான் ஒரு வார்த்தை பேசினதில்லை. எழுப்பினேன், ஒதுங்கினேன். ஒரு தடவை அவகிட்டக் கேட்டுட்டாவது..."

வரவேற்புரை இல்லாமல் போனால் அவள் சிரிக்கமாட்டாளே! புதியவன் காலை நீட்டி, அறை முழுவதும் பரவினான். பேசிக்கொண்டிருந்தவன் பாதிப் பேச்சில் அழிந்தான். பலகையும் அழிந்தது.

கணினியை அணைத்து மறுபடி போட்டதும், எல்லாருக்கும் முன்னால் விழிக்கும் காவல்காரர் பயோஸ் வந்தார். அறைக் கோடியில் இருக்கவேண்டிய இரண்டு பைட் முத்திரையை மட்டும் பார்த்தார். "சரியா இருக்கு, போகலாம்." கட்டியன் வரவேற்புரை சொன்னான். கெர்னல் எழுந்தது. பொற்கிளி சிரித்தாள்.

அதுதான் கடைசிச் சிரிப்பு.

"சரி, என் ஆய்வேடு இருக்கிற வீட்டைத் திற," என்றாள் அவள். கெர்னல் பலகையைப் படிக்கப் போனது.

"வருக வருக, பொற்கிளியின் அரசுக்கு வருக," என்று படித்தது. "இதில் முகவரி எதுவும் இல்லையே அம்மா."

நிறுவும்போது கொடுத்த கட்டளையை அவள் திரும்பப் பார்த்தாள். "ஐயோ, முழு அறை மேலயும் எழுதிட்டேனா? மூணு வருஷ உழைப்பு அது. வேற பிரதிகூட இல்லையே!"

வீடுகள் இடியவில்லை. உள்ளே இருந்தவை இருந்தபடியே இருந்தன. "இங்கேதான் இருக்கிறோம்" என்று அவை கூப்பிடுவது கட்டியனுக்குக் கேட்டது. எந்தப் பக்கமிருந்து என்றுதான் தெரியவில்லை. தேடிக் கொடுக்கும் கருவி எதுவும் அன்று கிடையாது. பல நாள் பார்த்துவிட்டு, வேறு வழியில்லாமல் அவள் புதிய எல்லைகளை வரைந்தாள். புதிய கோப்புகள் குடியேறக் குடியேற, பழைய குரல்கள் ஒவ்வொன்றாக நின்றன. ஆய்வேட்டின் குரல் எப்போது நின்றது என்பதைக் கட்டியன் கவனிக்கத் தவறிவிட்டான்.

பொற்கிளி அவனைத் திட்டவில்லை. "தப்பு என்னோடதுதான்," என்று சொல்லி, வரவேற்புரையை வெட்டி எடுத்தாள். அதன்பின் அவனும் பழையவனைப் போலவே எழுப்பினான், ஒதுங்கினான்.

அன்று முதல்தான், அப்படிப் பலகை மாட்டிய வட்டுக்குக் குடிவருகிற கட்டியன் எவனும் தன் உடலை நானூற்று நாற்பத்தாறு பைட்டுக்குள் ஒடுக்கிக்கொண்டு, பலகையும் முத்திரையும் இருக்கும் கடைசி அறுபத்தாறின் மேல் கால் படாமல் படுக்கிறான்.