ராஜா கட்டிய பட்டறை

மஞ்சநல்லூர் ராஜா கோதண்டப் பூபதிக்குத் திடீரென்று தச்சு வேலை மேல் ஆசை வந்துவிட்டது. ராஜாவுக்கு ஆசை வந்தால் மற்றவர்கள்தானே அனுபவிக்க வேண்டும்? முதலில் ஒரு முக்காலி செய்தார். அதில் உட்கார்ந்து பார்த்த பிரதானி மங்கைபாகர் இரண்டு நாள் குப்புறப் படுத்திருந்தார். "அருமையான முக்காலி" என்று படுத்தபடியே சொல்லி அனுப்பினார்.

அந்தப் பாராட்டில் ராஜாவுக்குத் தலைகால் புரியவில்லை. அரண்மனைத் தோட்டத்தில் தன் கையாலேயே ஒரு பட்டறை கட்டப்போவதாக அறிவித்தார். ஒரு மாதம் சபைக்கே வராமல் துணியில் கரியால் படம் வரைந்தார். கிழக்குச் சுவர் முழுக்க உளி, சுத்தியல் மாட்ட. மேற்குச் சுவரோரம் நீளமான வேலை மேசை. தெற்கே பலகை அடுக்க. வடக்கே பசை காய்ச்சும் அடுப்பு. ஒரு சாண் இடம் வீணாகவில்லை.

சபையில் படத்தை விரித்தார். "ஆகா!" என்றார் மங்கைபாகர், முழுதாய் விரிவதற்குள். அரண்மனைக் கொத்தனார் ஆண்டிச்சாமிதான் வெள்ளந்தியாய்க் கேட்டுத் தொலைத்தார்: "வாசல் எந்தப் பக்கம் மகாராஜா?"

"ராஜா கையால் வரைந்ததில் குறையா?" என்று பிரதானி குதித்தார். ராஜாவுக்கு முகம் சிவந்தது. "என் படத்தில் குறை சொல்பவன் எவனானாலும் பொழுது சாய்வதற்குள் நாட்டு எல்லையைத் தாண்டிவிட வேண்டும்! இது ஆணை!"

ஆண்டிச்சாமி வீட்டில் மகள் கல்யாணத்துக்குப் பந்தக்கால் நட்டு மூன்று நாள்தான் ஆகியிருந்தது. மனுஷர் பேயறைந்த மாதிரி நின்றார். சபைப் புலவர் செவ்வந்தியப்பர் படத்தையும் கொத்தனாரையும் மாறி மாறிப் பார்த்தார். 'படத்தில் வாசல் இல்லை என்று சொன்னால் நானும் மூட்டை கட்ட வேண்டியதுதான். சொல்லாமல் விட்டால் இந்தப் பாவிக்குக் கதி?' என்று யோசித்தார். பிறகு வெற்றிலையை மென்று விழுங்கிவிட்டு எழுந்தார்.

"மகாராஜா, இப்படி ஒரு படத்தை நான் பார்த்ததே இல்லை" என்றார். அது சத்தியமான வார்த்தை. "கிரகப் பிரவேசத்தன்று பசுதானே முதலில் உள்ளே போக வேண்டும்? நம் அரண்மனைப் பசு கொஞ்சம் மிரளும். தரையில் கோடு போட்டு இன்றைக்கே ஒத்திகை பார்த்துவிடலாமே? ஆண்டிச்சாமி போவதற்கு முன் கயிறாவது பிடித்துவிட்டுப் போகட்டும்."

ராஜாவுக்கு உச்சி குளிர்ந்தது. எல்லோரும் தோட்டத்துக்குப் போனார்கள். ராஜா நடுவில் நின்று அளவு சொன்னார். கூடவே நின்று ஆண்டிச்சாமி கண்ணீரோடு கயிறு பிடித்தார். செவ்வந்தியப்பர் வெளியே குனிந்து சுண்ணாம்புப் பொடியால் நாலு பக்கமும் கோடு போட்டு முடித்தார். அப்புறம் பசுவைப் பிடித்துக்கொண்டு கோட்டைச் சுற்றி நடந்தார். ஒரு சுற்று. இரண்டு சுற்று. ஒத்திகைக்கென்று வந்த மேளக்காரர்களும் பின்னாலேயே நடந்தார்கள்.

"என்ன ஓய், சுற்றிக்கொண்டே இருக்கிறீர்? உள்ளே கொண்டு வாரும்!"

"எந்தப் பக்கமாக மகாராஜா? இங்கே உளி மாட்டியிருக்கிறது. அங்கே அடுப்பு எரிகிறது."

ராஜா படத்தைப் பார்த்தார். தலைகீழாகத் திருப்பியும் பார்த்தார்.

"அட, இதில் வாசலே இல்லையே!"

மேளம் நின்றது. பசு மட்டும் சாவகாசமாக அசை போட்டது.

"மகாராஜா சொன்னது குறையே அல்ல, வெறும் வர்ணனை" என்றார் மங்கைபாகர்.

"சும்மா இரும்! எவனானாலும் என்று சொன்னது நான்தானே? கொத்தனும் சொன்னான், நானும் சொல்லிவிட்டேன். இனி ரெண்டு பேரும் எல்லை தாண்ட வேண்டியதுதான். புலவரே, வேறு வழி உண்டா?"

"எல்லை இருக்கட்டும் மகாராஜா, முதலில் பட்டறையை விட்டு எப்படி வெளியே வருவீர்கள்? இருவரும் உள்ளே நிற்கிறீர்கள். நாலு பக்கமும் சுவர்."

ராஜா குனிந்து கோட்டைப் பார்த்தார். காலைத் தூக்கினார். பிறகு மரியாதையாக இறக்கிக்கொண்டார்.

"வாசல் ஒன்று வைத்துவிட்டால்?"

"வாசல் இருக்கிற படத்தில் வாசல் இல்லை என்று யார் சொன்னதாக ஆகும்? குறையும் இல்லை, குற்றவாளியும் இல்லை."

ராஜா விழுந்து விழுந்து சிரித்தார். கரித்துண்டை ஆண்டிச்சாமி கையில் கொடுத்து, "நீயே ஒரு வாசல் வை. வைத்துவிட்டு நேரே வீட்டுக்குப் போய்க் கல்யாண வேலையைப் பார்" என்றார். கொத்தனார் ஒன்றுக்கு இரண்டு வாசலாக வைத்தார். பிரதானியும் "ஆகா!" என்றார்.

வெளியே வந்த ராஜா புலவரின் தோளைத் தட்டினார். "என்ன பரிசு வேண்டும், கேளும்!"

செவ்வந்தியப்பர் படத்தை மறுபடி ஒருமுறை நிதானமாகப் பார்த்தார்.

"ஒரு ஜன்னல் கொடுங்கள் மகாராஜா. குறை சொல்லவில்லை, பரிசாகத்தான் கேட்கிறேன்."